ஒரு குளிர்காலத்துக்கு மட்டும்

சண்டை ஓய்ந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன அன்றைக்கு ஊரில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தெம்பு வேண்டாமா? பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, மீதி வீடுகளுக்குச் சுவர் இல்லை. முழுசாக நின்ற ஒரே கட்டடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுதான். இரண்டு பட்டாளத்துக்கும் அது தேவைப்பட்டதால் இரண்டு பேருமே அதன் தலையில் குண்டு போடவில்லை. அங்கே ஆபரேட்டராக இருந்தவளுக்கு அதனாலேயே ஊரில் ஒரு மரியாதை. வீட்டில் இளையவள் என்பதால் அவளைச் சின்னவள் என்று கூப்பிட்டார்கள். வீட்டைப் பார்த்து ஊரும் அப்படியே கூப்பிட்டது.

சின்னவள் தன் அக்காவோடும் அக்கா மகளோடும் இருந்தாள். அக்கா புருஷன் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. இடிந்த சுவர்களிலிருந்து செங்கல்லைப் பொறுக்கி, ஒட்டியிருக்கும் காரையைச் சுத்தியால் தட்டிச் சுத்தம் செய்து அடுக்கிக் கொடுப்பது அக்காவின் வேலை. அந்தத் தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு அவளை வாட்டியது. மகளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்த வயசு. தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பாள். அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளாக வாயாடிக்கும் இருமல் வந்திருந்தது. பேச்சின் நடுவே இருமி, இருமலின் நடுவே பேசினாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்த ஒரே டாக்டரம்மா மாதர் சங்கம் ஒன்றை ஆரம்பித்திருந்தாள். குண்டு விழுந்த வீடுகளில் உயிரோடு கிடைத்த பாத்திரத்தைப் பங்கிடுவது, அநாதைப் பிணத்தை எடுத்துப் புதைப்பது, கஞ்சித் தொட்டி நடத்துவது என்று எல்லாம் அந்தச் சங்கத்துப் பெண்கள்தான். சின்னவள் அதற்குச் செயலாளர். சண்டை நிழல்கூடப் படாத கடல்தாண்டிய ஒரு நாட்டிலிருந்து, அந்த நாட்டு மாதர் சங்கம் ஒரு கப்பல் நிறையப் பால்பவுடரும் கம்பளியும் அனுப்பியபோது, துறைமுகத்தில் நின்று வாங்கிக்கொண்டவளும் அவள்தான்.

கப்பலோடு அவர்கள் தலைவியும் வந்தாள். நல்ல உயரம். நிலைப்படிக்குக் குனிந்தே பழகியவள் மாதிரி நடப்பாள். கஞ்சித் தொட்டிப் பெண்கள் அன்றைக்கே அவளுக்கு நெட்டையம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளோடு ஒரு மொழிபெயர்ப்பாளி. இந்த ஊரில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவள். முகத்தில் எதையும் காட்டாமல், இங்கே கேட்டதை அங்கேயும் அங்கே கேட்டதை இங்கேயும் கொட்டுவாள்.

ரேஷன் கிடங்கில் கூட்டம் போட்டார்கள். நெட்டையம்மா சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினாள். நம் இரண்டு சங்கமும் இனிமேல் சகோதரிச் சங்கம். உங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் சளி கட்டியிருக்கிறது, இங்கே விறகும் இல்லை, பாலும் இல்லை. பலவீனமான பிள்ளைகளை எங்களிடம் கொடுங்கள். எங்கள் சங்கத்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி அனுப்பும். ஒரு குளிர்காலத்துக்கு மட்டும்.

பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரி எழுந்தாள்.

"திருப்பிக் குடுப்பீங்கன்னு எதை வெச்சு நம்பறது?"

மொழிபெயர்ப்பாளி அதைச் சொன்னதும் நெட்டையம்மாவின் கண் கலங்கியது. நடிப்பில்லை. பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள். டாக்டரம்மா காலையிலேயே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது ஒருத்தி முன்னால் வந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"எங்க வீட்டுப் பிள்ளையை நான் அனுப்பறேன். எங்க வாயாடி போறா. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

அதன்பிறகு ஒவ்வொருத்தியாகக் கை தூக்கினார்கள். சின்னவளின் குரல் ஊருக்குப் பழகிய குரல். நல்ல சேதியோ கெட்ட சேதியோ டெலிபோனில் அந்தக் குரல்தான் முதலில் வரும். அதில் பொய் இருந்து யாரும் கேட்டதில்லை.

அக்கா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"அவ இருமறதைக் கேட்டுட்டுத்தான் எழுந்தேன். நீயும்தானே கேக்கறே?"

அக்கா வாயாடியின் துணிகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அந்த இருமலால்தான் வாயாடி கப்பலேறினாள். ஏணியில் ஏறும்போதும் பேசிக்கொண்டேதான் போனாள். யாரிடம் என்று தெரியவில்லை. முன்னால் போன பிள்ளையின் முதுகிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

போன கொஞ்ச நாளிலேயே டெலிபோன் வந்தது. அந்த நாட்டுச் சங்கம் செலவை ஏற்றுக்கொண்டு தொலைதூர டிரங்க் கால் பதிவு செய்யும். எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரி தாராளமாக ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார். தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து முறை வரும்போது உள்ளே போய்ப் பேசுவார்கள். கடலுக்கடியில் வரும் லைன் என்பதால் இரைச்சல் அதிகம். ஒட்டுக்கேட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எல்லார் பேச்சையும் கேட்டாள்.

"அம்மா, இங்க குழாயைத் திருகினா சுடுதண்ணி வருதும்மா. யாரும் காய்ச்சல. சும்மாவே வருது. பூனை ஒண்ணு இருக்கு, அது கட்டில்ல படுக்குது, யாரும் திட்ட மாட்டேங்கறாங்க. சித்தி இருக்காளா? சித்தி, கேக்கறியா? நீ கேப்பேன்னு எனக்குத் தெரியும்."

அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து பாதிப் பேச்சு போயிற்று.

அப்புறம் அப்புறம் வாயாடியின் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடறேன், நீ நல்லா இருக்கியா என்று, மனப்பாடம் பண்ணினதை ஒப்பிப்பது மாதிரி. ஒரு வார்த்தை தெரியாமல் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பெண்குரல் மெல்ல எடுத்துக் கொடுத்தது. அந்தக் குரலுக்கு நம் பாஷை தெரியாது. தெரியாத வார்த்தையை எங்கோ எழுதி வைத்துக்கொண்டு, கோணலாக உச்சரித்து எடுத்துக் கொடுத்தது.

"குழந்தைக்குக் கூச்சம்," என்றாள் அக்கா. "டெலிபோன்ல பேச யாருக்குத்தான் வரும்?"

ஆபரேட்டர்களுக்கு அயல்நாட்டு பாஷையில் நாலு வார்த்தை தெரியும். பேசுங்கள், காத்திருங்கள், முடிந்ததா. தாய்மார்கள் லைனில் வரும்போது அந்தப் பக்கத்து ஆபரேட்டர் சொல்லிச் சொல்லி, அம்மா என்ற வார்த்தையும் சின்னவளுக்குப் பழகியிருந்தது. குளிர்காலம் முடியப்போகும் சமயத்தில் ஒரு நாள் அக்கா பேசிவிட்டு வெளியே வந்துவிட்டாள். லைனைப் பிடுங்கக் கையை நீட்டிய சின்னவள் அப்படியே நின்றாள். அந்தப் பக்கத்தில் ரிசீவரை இன்னும் வைக்கவில்லை. வாயாடியின் குரல், அந்த பாஷையில், தங்குதடையில்லாமல், கொஞ்சலாகக் கேட்டது:

"முடிந்ததா, அம்மா?"

சின்னவள் வயரை உருவினாள். அக்கா வாசலில் நின்று முந்தியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"லைன் சரியில்லக்கா. காது வலிக்குது."

சண்டைக் காலத்தில்கூட அக்காவிடம் ஒரு சேதியை அவள் மறைத்ததில்லை.

*

மரங்கள் துளிர்த்தன. பிள்ளைகள் வரவில்லை. அங்கே அம்மை போட்டிருக்கிறது, கப்பலேற்ற முடியாது என்று சொன்னார்கள். அம்மை போனது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை, பாதியில் நிறுத்தினால் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம் என்றார்கள். பரீட்சையும் போனது. வெயில் காலத்தில் கடற்கரைக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்றார்கள். ஒவ்வொரு சேதியோடும் கப்பலில் ஏதாவது வந்துகொண்டேயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டில், தகரக் கூரை, ஊசி மருந்து. ஊசி மருந்து வந்த பிறகு பிரசவத்தில் சாவது பாதியாகக் குறைந்தது என்று டாக்டரம்மா சொன்னாள். அது உண்மைதான்.

சங்கக் கூட்டத்தில் மறுபடியும் ரொட்டிக்கடைக்காரிதான் எழுந்தாள்.

"என் பையனுக்கு வேற பேர் வெச்சிருக்காங்களாம். நம்ம பேர் அவங்க வாயில நுழையலையாம். போன தடவை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், டெலிபோன்ல அவன் பேசாம இருந்தான். யாரைக் கூப்பிடறேன்னு அவனுக்குத் தெரியல."

டாக்டரம்மா மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"அவங்க நம்ம சகோதரிங்க. அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்புறம் அள்ள முடியாது. அங்க மாநாட்டுக்கு என்னையும் செயலாளரையும் கூப்பிட்டிருக்காங்க. நேர்ல போய்ப் பேசி கையோட கூட்டிட்டு வர்றோம்."

கையோட என்ற வார்த்தையைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊர் பூராவும் அந்த ஒரு வார்த்தையே பேச்சாக இருந்தது.

அக்காவும் வருகிறேன் என்றாள். துறைமுகத்தில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த கப்பல் டாக்டர் இவளை ஏற்ற முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. சின்னவளின் தோளைப் பிடித்து, காதோடு சொன்னாள்.

"வர மாட்டேன்னு அடம் பிடிச்சா ரெண்டு போட்டு இழுத்துட்டு வா. என் பேரைச் சொல்லு, வந்துடுவா."

*

அந்த நகரத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. தெருவில் நடக்கும்போது சின்னவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. இத்தனை ஜன்னல்களும் இத்தனை காலமும் சும்மாவே இருந்திருக்கின்றன என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

மாநாட்டுக்குப் பல நாட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு மேடையில் நடு நாற்காலி. நெட்டையம்மா சின்னவளைக் கட்டிப்பிடித்தாள். இனி பெண்கள் கைகோத்தால் சண்டைக்கே இடமில்லை என்று ஒவ்வொருத்தியும் பேசினாள். யாரும் பொய் பேசுவதாகத் தெரியவில்லை. கடைசியில் திரையை விலக்கினார்கள். ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று, அந்த நாட்டு பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பக்கத்து நாற்காலிக்காரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளைகள் என்று கையால் சாடை காட்டினாள்.

சின்னவள் முன்னால் சாய்ந்து தேடினாள். எல்லாக் கன்னமும் உப்பியிருந்தது. எல்லாத் தலையும் ஒரே மாதிரி வெட்டியிருந்தது. கூடப் பிறந்தவளின் வயிற்றில் பிறந்ததை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டு முடியப்போகும்போது இரண்டாவது வரிசையில் ஒருத்தி, ஒரு காலால் இன்னொரு காலின் ஆடுசதையைச் சொறிந்துகொண்டாள். அக்கா அடுப்படியில் நிற்கும்போது அப்படித்தான் செய்வாள். சின்னவள் எழுந்து நடைபாதைக்கு வருவதற்குள் பிள்ளைகளை மறுபக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிப்போய்விட்டார்கள்.

கைகழுவும் அறையில் மொழிபெயர்ப்பாளி பக்கத்தில் வந்து குழாயைத் திறந்தாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிடாதீங்க. திரும்பற கப்பல்ல உங்க ரெண்டு பேருக்குத்தான் இடம் போட்டிருக்கு."

"பிள்ளைங்களுக்கு?"

அவள் குழாயை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டாள். வெளியே போகும்போது அவள் முகம் மறுபடியும் துடைத்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

சின்னவள் பிடிவாதம் பிடித்ததில், மறுநாள் வாயாடி இருந்த வீட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நெட்டையம்மாவும் மொழிபெயர்ப்பாளியும் கூட வந்தார்கள். டாக்டரம்மா தலைவலி என்று ஓட்டலிலேயே இருந்துவிட்டாள்.

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரின் வீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். வீட்டம்மா சின்ன உருவம். பாலை ஊற்றும்போது கண் சின்னவள்மேலேயே இருந்ததில் கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது. இந்தக் கைதான் நம் வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தது என்று சின்னவளுக்குத் தோன்றியது. வாயாடி அவள் பாவாடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஊசி போட வந்தவளைப் பார்க்கிற பார்வை.

"வாயாடி. சித்தி வந்திருக்கேன்டி."

குழந்தை வீட்டம்மாவை அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டது. மொழிபெயர்ப்பாளியிடம் சின்னவள் திரும்பினாள்.

"இவங்க யாருன்னு கேக்கறா."

சின்னவள் தரையில் மண்டியிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை தானாக வாயில் வந்தது.

"ஓடி வா. ஓடி வா கண்ணு."

குழந்தையின் முகம் வெளிறியது. சட்டென்று தரையில் விழுந்து, தவழ்ந்து, மேஜைக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. குண்டு விழும்போது காது கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விமானம் வருகிற சேதி முதலில் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் வரும். அவள் வேலையைப் போட்டுவிட்டுச் சந்து முழுக்கக் கத்திக்கொண்டே ஓடுவாள். ஓடி வா, ஓடி வா என்று. பாஷையெல்லாம் மறந்த குழந்தைக்கு அந்த இரண்டு வார்த்தை மட்டும் மறக்கவில்லை. அதுவும் அதே குரலில்.

வீட்டம்மா மேஜைக்கு அடியில் நுழைந்தாள். யாரையும் குற்றம் சொல்லும் பார்வை பார்க்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவி, மெல்ல ஏதோ முனகினாள். குழந்தையின் வாய் மெதுவாக மூடியது. அடித்து இழுத்து வரச் சொல்லியிருந்தாள் அக்கா. சின்னவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

வாசலில் நெட்டையம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். மொழிபெயர்ப்பாளி முகத்தில் எதையும் காட்டாமல் சொன்னாள்.

"நீங்களே பார்த்தீங்க. இவளை மறுபடி அங்க கொண்டுபோய் விடறது நியாயமான்னு எங்க நீதிபதிங்க முடிவு செய்வாங்க. அதுக்கு நாளாகும்னு சொல்றாங்க."

"ஒரு குளிர்காலம்னு சொன்னீங்களே."

நெட்டையம்மா அவள் முழங்கையை விட்டாள்.

"அப்ப நாங்களும் அதைத்தான் நம்பினோம்னு சொல்றாங்க."

*

டாக்டரம்மா படுத்திருக்கவில்லை. ஓட்டல் அறையில் விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் சின்னவள்.

"முழுசா தெரியாது. ஆனா யாரும் குடுத்ததைத் திருப்பிக் கேக்காம இருந்தா எவ்வளவு நாளைக்கு மருந்து வரும்னு கணக்குப் போடத் தெரியும்." அவள் குரல் உடையவில்லை. "பிள்ளைங்களுக்கான வார்டு ஒண்ணு கட்டித் தர்றாங்க. அங்க இருக்கற பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க. நம்ம ஊர்ல இருக்கறதுங்க சாகாம இருக்கணும். நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவே?"

"நான் உங்க இடத்துல இல்ல. எங்கக்கா முன்னாடி போய் நிக்கப் போறவ நான்."

"நானும்தான் நிக்கப் போறேன்."

சின்னவள் அங்கேயே தங்கிவிடலாமா என்று நினைத்தாள். அந்த நினைப்பு யாருக்குத் தெரிந்ததோ, மறுநாள் காலை ஓட்டல் வாசலில் சாதாரண உடுப்புப் போட்ட இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மரியாதையாகப் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். கப்பல் ஏணி வரை வந்து, சங்கு ஊதிய பிறகும் போகாமல் நின்றார்கள்.

ஊர்த் துறைமுகத்தில் தாய்மார்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். டாக்டரம்மா முன்னால் இறங்கினாள், சின்னவள் பின்னால். பெண்கள் அவர்களைப் பார்க்கவில்லை, ஏணியின் மேல்நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மாலுமிகள் ஏணியை இழுத்துக்கொண்டார்கள்.

"பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியம்," என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள். "அங்க நமக்கு நல்ல வரவேற்பு..."

"அவங்க தர மாட்டாங்க," என்றாள் சின்னவள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல் கடைசி வரிசை வரை போகும். யாரும் அழவில்லை. ரொட்டிக்கடைக்காரி மட்டும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சதை வெச்சிருக்கா?"

"வெச்சிருக்குக்கா. இருமல் இல்ல."

"என்னைக் கேட்டாளா?"

சின்னவள் அவளை நேராகப் பார்த்தாள். "இல்லக்கா. என்னையும் யாருன்னு தெரியல. அவங்களை அம்மான்னு கூப்பிடறா. அது எனக்குப் போன குளிர்காலமே தெரியும்."

அக்கா கையை ஓங்கவில்லை. திட்டவும் இல்லை. திரும்பி நடந்து போய், அன்றைக்கே செங்கல் அடுக்கும் இடத்தில் உட்கார்ந்து சுத்தியால் தட்ட ஆரம்பித்தாள். அதற்குப்பின் அவள் தங்கச்சியோடு ஒரே அறையில் இருந்தாள், ஒரே பானையில் சாப்பிட்டாள், பேச்சு மட்டும் இல்லை.

தாய்மார்கள் அரசாங்கத்திடம் போனார்கள். தலைநகரத்து வாசல்களில் உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் வந்தது. சகோதரிச் சங்கம் மனம் புண்பட்டு உறவை முறித்துக்கொண்டது. கப்பல் வருவது நின்றது. வார்டுக்குத் தோண்டிய அஸ்திவாரத்தில் மழைத்தண்ணீர் தேங்கியது. ஊசி மருந்து தீர்ந்தபோது, கப்பலில் அனுப்பாமல் தன் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்த ஒரு சலவைக்காரியின் பெண்குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. சலவைக்காரி எக்ஸ்சேஞ்சு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உங்க வீட்டுப் பிள்ளை எங்கேயோ ஒரு இடத்துல மூச்சு விடுது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டாக்டரம்மா ஒரு சமயம் அறையை இருட்டாக வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி சின்னவளுக்கு அன்றைக்கு மறுபடி கேட்டது.

*

சில குளிர்காலங்கள் போயின. கடைசியில் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஏதோ ஒப்புக்கொண்டு, கொஞ்சம் பிள்ளைகளை அனுப்பினார்கள். ரொட்டிக்கடைக்காரியின் பையன் அதில் இல்லை. வாயாடி இருந்தாள்.

இப்போது அக்காவின் தோள் உயரம். நல்ல கோட்டு, நல்ல ஷூ. கூட வந்த மொழிபெயர்ப்பாளியின் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அக்கா அன்றைக்குச் சுத்தியலைத் தொடாமல், கைநகத்தில் இருந்த காரையையெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். பெண் அவள் முன்னால் வந்து நின்று, மரியாதையாக வலது கையை நீட்டினாள். அக்காவுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பிறகு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அங்க அந்தம்மா?" என்று சின்னவள் மொழிபெயர்ப்பாளியிடம் கேட்டாள்.

"கப்பலடி வரைக்கும் வரக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. ரெண்டு தெரு தள்ளி நின்னாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவ வழியில எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அடுத்த கப்பல் எப்பன்னு."

வீட்டுக்கு இப்போது புதுச் சுவர் இருந்தது. பெண் கட்டில் ஓரத்தில் கோட்டைக் கழற்றாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா எதிரே தரையில் உட்கார்ந்தாள். வாயாடி என்று கூப்பிட்டாள், பெண் திரும்பவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாள், பெண் அந்த பாஷையில் நன்றி சொன்னாள், தொடவில்லை. சின்னவளை அவள் பார்க்கவேயில்லை. சின்னவளும் வாயைத் திறக்கவில்லை. தன் குரல் அந்த அறைக்குள் கேட்கவே கூடாது என்று மூலையிலேயே நின்றாள்.

பெண்ணின் கண் ஜன்னலுக்குப் போயிற்று. அங்கிருந்து கதவுக்கு. தெரு எவ்வளவு தூரம், துறைமுகம் எந்தப் பக்கம் என்று அளக்கிற கண். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். எத்தனையோ காலத்துக்கு அப்புறம் தங்கச்சியோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கதவைப் பூட்டு."

"அக்கா..."

"உள்பக்கமா பூட்டு. சாவியை எங்கிட்ட குடு."

பெண்ணுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் சின்னவள் சாவியை ஆணியிலிருந்து எடுத்தபோது அவள் பெட்டியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாகச் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். சின்னவள் பூட்டினாள். சாவியை வாங்கி அக்கா இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் கதவுக்குக் குறுக்கே பாயை விரித்து, வெயில் இன்னும் தெருவில் இருக்கும்போதே, அதில் படுத்துக்கொண்டாள்.